பார்க்காத இடத்தை முதலில் சொல்

பிசிஷியன் அசிஸ்டண்ட் படிப்பு நடத்தும் கல்லூரி ஒன்றிலிருந்து ஒரு பேராசிரியை போன் செய்தார். மலையில் வேலை பார்த்த அனுபவத்தை அவர்கள் ஆண்டு மலருக்கு எழுதித் தர வேண்டுமாம். படிக்கிற பிள்ளைகளுக்கு அதைப் படித்ததும் கிராமத்துக்கும் எஸ்டேட்டுக்கும் போய் வேலை செய்ய ஆசை வர வேண்டுமாம். ஆசை வரும்படி எழுத எனக்குத் தெரியாது. ஆசையோடு வந்த ஒருத்தியை எப்படித் திருப்பி அனுப்பினார்கள் என்று எழுதத் தெரியும். போட விருப்பம் இருந்தால் போடுங்கள்.

நான் நர்ஸ். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் விவசாயக் குடும்பம். கோயம்புத்தூரில் படித்தேன். படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. பெட்பேன் கழுவினேன், திட்டு வாங்கினேன், பாஸ் ஆனேன். பீர்மேட்டுக்கும் குமுளிக்கும் நடுவில் ஒரு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஆள் கேட்டார்கள். ஒரு வருஷம் இருந்துவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனவள், ரிட்டயர் ஆகித்தான் இறங்கினேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பின்னால் கதை எதுவும் இல்லை.

இப்போது கொழிஞ்சாம்பாறையில் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். இங்கே வெயில். மலைக்காரிக்கு இது வீடு இல்லை, அடுப்பு. காலையில் எழுந்ததும் பனி விலகிவிட்டதா என்று ஜன்னலைப் பார்ப்பேன். தங்கை சிரிப்பாள்.

"ஏனுங்கக்கா, அங்க என்னத்தையோ வெச்சுட்டு வந்தாப்பல தேடறீங்களே. போயி எடுத்துட்டு வந்தரோணும்னா பஸ் இருக்குதுங்க."

எடுத்துக்கொண்டு வருகிற பொருளாக இருந்தால் எப்போதோ போயிருப்பேன்.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரே டாக்டர். வர்க்கி டாக்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோட்டயத்துப் பக்கம் பாலா ஊர்க்காரர், உயரமான ஆள், குரலை உயர்த்த மாட்டார். அவர் பேசுவது பாதி மலையாளம், பாதி எஸ்டேட் தமிழ். நன்றி சொல்லிக் கேட்டதில்லை. அவர் வந்த பிறகுதான் கல்லூரியிலிருந்து பிசிஷியன் அசிஸ்டண்ட் மாணவர்கள் கடைசி வருஷப் பயிற்சிக்கு எங்களிடம் வர ஆரம்பித்தார்கள்.

இந்த வேலை என்ன என்று இப்போதும் பலருக்குத் தெரியாது. டாக்டர் இல்லை. நர்ஸும் இல்லை. நோயாளியிடம் விவரம் கேட்டு, உடம்பைச் சோதித்து, டாக்டரிடம் வந்து சொல்ல வேண்டும். முடிவு டாக்டருடையது. பிறகு மருந்து வேலை செய்கிறதா, ஆள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று வீடு வரை போய்ப் பார்க்க வேண்டும். பட்டணத்து ஆஸ்பத்திரியில் இதைச் செய்யப் பத்துப் பேர் இருப்பார்கள். ஒரு டாக்டர் மட்டும் இருக்கிற மலையில், நடக்கத் தெரிந்த இன்னொரு ஜோடிக் கண்ணும் கையும் எவ்வளவு பெரிய விஷயம் என்று அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

வியாழக்கிழமை மதியம் லயங்களுக்குப் போவோம். லயம் என்றால் தொழிலாளர் குடியிருப்பு. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். மாணவர்கள் வீடு வீடாகப் பார்த்துவிட்டு வருவார்கள். டாக்டர் கடைசி வீட்டு வாசலில் குடையை ஊன்றிக்கொண்டு நிற்பார். மாணவர் வாயைத் திறக்கும் முன்னே ஒரே கேள்வி:

"எவிடெ நோக்கியில்லா?"

எங்கே பார்க்கவில்லை என்று முதலில் சொல்ல வேண்டும். கண்டுபிடித்ததை எல்லாம் அதற்கப்புறம்தான் கேட்பார். காது பார்க்கவில்லை, முதுகு பார்க்கவில்லை, நாக்கு பார்க்க மறந்துவிட்டேன் என்று சொன்னால் கோபப்பட மாட்டார். "போய் நோக்கிட்டு வா" என்பார். யாராவது "எல்லாம் பார்த்தாச்சு சார்" என்றால் முகம் மாறிவிடும்.

"எல்லாம் பார்த்தவனுக்கு இங்கே ஜோலி இல்லா. குமுளி பஸ் இப்போ வரும். ஏறிக்கோ."

ஒரு பையனை நிஜமாகவே பெட்டியோடு ரோட்டுக்கு அனுப்பினார். பஸ் வராததால் அவன் திரும்பி வந்து, இரண்டு காதையும் பார்த்துவிட்டு வந்து நின்றான்.

ஏன் இப்படி என்று நான் ஒரு தடவை கேட்டேன். "கண்டதை எல்லாரும் சொல்லும் சிஸ்டரே. காணாததை ஒருத்தனும் சொல்லில்லா. ரோகி அங்கேயாக்கும் மரிக்கிறது" என்றார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

வெளியூர் மாணவர்கள் எல்லோரும் தவறாமல் செய்கிற ஒரு தப்பு உண்டு. தேயிலைக் கொழுந்து எடுக்கிற பெண்கள் செடி ஈரம் படாமலும் குச்சி குத்தாமலும் இருக்க இடுப்பைச் சுற்றிச் சாக்கோ பிளாஸ்டிக் தாளோ கட்டுவார்கள். அதைக் கயிற்றால் இறுக்குவார்கள். வருஷக்கணக்கில் கயிறு உரசி இடுப்பில் ஒரு கறுப்புப் பட்டை விழுந்துவிடும். கவுத்துத் தழும்பு என்று பெயர். கொச்சியிலிருந்து வந்த ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். ஒரே லயத்தில் அத்தனை பெண்களுக்கும் ஒரே மாதிரித் தோல் நோய், தொற்றாக இருக்கும் என்றாள்.

"உண்டு. கயிறு என்னு ஒரு கிருமி" என்றார் டாக்டர்.

அதற்குள் அவள் பாதிப் பேருக்குக் களிம்பு கொடுத்திருந்தாள். அடுத்த வாரம் பெண்கள் என்னிடம் வந்தார்கள். "குதிகால் வெடிப்புக்கு நல்லா கேக்குது சிஸ்டரு. அந்தப் பொண்ண இன்னும் ரெண்டு டப்பா குடுக்கச் சொல்லுங்க."

இந்தக் கூட்டத்தில்தான் முத்துமாரி வந்தாள். வந்தாள் என்று சொல்வது தப்பு. அவள் அந்த எஸ்டேட்டிலேயே பிறந்தவள். பைப்படி லயத்தில் கடைசி வீடு. அப்பா இல்லை. அம்மா இசக்கி கொழுந்து எடுத்துப் படிக்க வைத்தாள். எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போட வேண்டும் என்று கல்லூரியில் அழுது வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

அவளுக்குக் காரணம் இருந்தது. இசக்கிக்கு அந்த வருஷக் கடைசியில் ரிட்டயர்மெண்ட். எஸ்டேட்டில் வீடு வேலையோடு சேர்ந்தது. குடும்பத்தில் ஒருவர் வேலைப் பதிவில் இருந்தால் வீடு இருக்கும். இல்லையென்றால் காலி செய்ய வேண்டும். சங்கரன்கோவில் பக்கம் சொந்த ஊர் என்பார்கள். அங்கே தாத்தா காலத்துக்குப் பிறகு யாரும் போனதில்லை, ஒரு சுவர்கூட இல்லை. முத்துமாரிக்கு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தால் அம்மா அந்த வீட்டில் இருக்கலாம். அவளும் பிறந்த இடத்திலேயே வேலை பார்க்கலாம். அவள் கேட்டது இவ்வளவுதான். பயிற்சியை முடி, நான் மேனேஜரிடம் பேசுகிறேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் அப்படி யாருக்கும் சொன்னதில்லை.

அவள் லயத்துக்குள் நுழைந்தால் ஒரே சத்தம்.

"என்ன மாமா, பிரஷர் மாத்திரைய நீரு திங்கீரா, ஆட்டுக்குக் குடுக்கீரா? ஆடு தெளிவா இருக்கு, நீருதான் கெறங்கிப் போயி இருக்கீரு."

"ஏ, டாக்டரம்மா வந்துட்டாடே."

"டாக்டரு இல்ல மாமா. டாக்டருக்குக் கையி. கைய நீட்டும், பிரஷரு பாக்கணும்."

மற்ற மாணவர்கள் ஒரு வீட்டில் செலவழிக்கும் நேரத்தில் அவள் மூன்று வீட்டைப் பார்த்துவிடுவாள். டாக்டர் கேட்பதற்கு முன்னாலேயே பார்க்காததைச் சொல்லிவிடுவாள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. அதை அவளிடம் சொன்னதில்லை. நான் சொல்கிற ஆள் இல்லை.

நல்ல மழைக்காலம். கொழுந்து குவிகிற நேரம். முத்துமாரி வீட்டுக்கு அடுத்த வீடு பேச்சியம்மா. அவள் ஒரு வாரமாகக் காய்ச்சலோடு கடை மாத்திரையைப் போட்டுக்கொண்டு கொழுந்துக்குப் போயிருக்கிறாள். அந்த வியாழக்கிழமை எழுந்திருக்க முடியவில்லை. நானும் முத்துமாரியும் போனோம். கம்பளிக்குள் சுருண்டு கிடந்தாள். மூச்சு மேல்மூச்சாக இருந்தது.

"மேலுக்கு முடியல தாயி. மழையில நனஞ்சது, வேற ஒன்னும் இல்ல."

முத்துமாரி அவசரப்படவில்லை. கண், நாக்கு, கழுத்து, அக்குள், காதுக்குப் பின்னால், மார்பு, வயிறு, கால் விரலிடுக்கு எல்லாம் பார்த்தாள். இடுப்புச் சேலையைத் தளர்த்தப் போனபோது பேச்சியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க என்னத்தப் பாக்கப் போற? கவுத்துத் தழும்பு. ஒங்க ஆத்தா இடுப்புல பாக்காததா?"

முத்துமாரி சிரித்துவிட்டுக் கையை எடுத்தாள். ஜீப்பை வரவழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பெண்கள் வார்டில் படுக்க வைத்து ஆக்ஸிஜன் கொடுத்தேன். டாக்டர் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். பிறகு வராந்தாவுக்கு வந்து முத்துமாரியைக் கூப்பிட்டார்.

"எவிடெ நோக்கியில்லா?"

"இடுப்பு மட்டும் பாக்கல சார். கவுத்துத் தழும்புதான்."

"தழும்பு நீ கண்டோ?"

"இல்ல சார். தெரியும்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொச்சிப் பெண் அந்தத் தழும்பை நோய் என்று நினைத்தாள். அது நோய் இல்லை என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் எஸ்டேட்டில் அந்த இடத்தை யாரும் பார்ப்பதே இல்லை.

"தெரியும் என்னு சொன்னா கண்டதாகில்லா. போ. டார்ச் எடுத்துக்கோ."

பேச்சியம்மா மறுபடியும் சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். காய்ச்சலில் பிதற்றுகிறாள், பிடி மட்டும் விடவில்லை. அந்த நேரத்தில் இசக்கி தூக்குப் போணியில் கஞ்சியோடு வந்தாள். நடப்பதைப் பார்த்தாள். போணியை டங்கென்று கீழே வைத்தாள்.

"ஏட்டி பேச்சி, எம் மவகிட்ட ஒனக்கு என்னட்டி வெக்கம்? அவ பொறந்தன்னைக்கு மழையில ஆஸ்பத்திரிக்குப் போவ வழியில்லாம, தொப்புள்கொடிய அறுத்தவளே நீதான. அன்னைக்கு அவள முழுசா நீ பாத்த. இன்னைக்கு அவ ஒன்ன ஒரு சாண் பாத்தா கொறஞ்சா போவ? விடுட்டி கைய."

பேச்சியம்மா சிரித்தாள். அந்தக் காய்ச்சலிலும் சிரித்தாள். கை தளர்ந்தது.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. கறுப்புப் பட்டைதான். முத்துமாரி டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தாள். இடது பக்கம், விலாவுக்குக் கீழே, கறுப்புக்குள் இன்னொரு கறுப்பு. சிகரெட் நெருப்பு சுட்ட மாதிரி ஒரு பொருக்கு, சுற்றிலும் மெல்லிய சிவப்பு விளிம்பு. அழுத்தினால் வலியில்லை. புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி கடித்த இடம். ஸ்க்ரப் டைபஸ். அந்தக் காய்ச்சல் சாதாரண மாத்திரைக்கு அடங்காது. சரியான மருந்து நேரத்துக்குப் போனால் ஆள் எழுந்து உட்காருவார். போகாவிட்டால் நுரையீரலில் இறங்கும். பேச்சியம்மாவுக்கு இறங்க ஆரம்பித்திருந்தது.

முத்துமாரி வராந்தாவுக்கு ஓடினாள். டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்து டார்ச்சைப் பிடித்தாள். அவர் குனிந்து பார்த்தார். உடனே முதல் மருந்தை நானே கொடுத்தேன். கோட்டயத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஜீப் கிளம்பியது. சிலிண்டரை மடியில் அணைத்துக்கொண்டு முத்துமாரியும் போனாள். மழை. ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள் என்ற போன் வரும்வரை டாக்டர் வராந்தாவை விட்டு நகரவில்லை. 

பேச்சியம்மா பிழைத்து நடந்து திரும்பி வந்தாள். டாக்டர் முத்துமாரியைப் பாராட்டவில்லை. "இனி காய்ச்சல்னு வர்ற எல்லா இடுப்பும் டார்ச் வச்சு நோக்கணும்" என்றார், அவ்வளவுதான். பெண்கள் முனகினார்கள். பேச்சியம்மாதான் அவர்களை அதட்டிக் காட்ட வைத்தாள்.

பயிற்சி முடிந்தது. டாக்டரும் நானும் எஸ்டேட் ஆபீசுக்குப் போனோம். மேனேஜர் மரியாதையான ஆள். டீ கொடுத்தார். பேச்சியம்மா விஷயமெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. நல்ல பெண் என்றார். பிறகு சொன்னார்:

"பிசிஷியன் அசிஸ்டண்ட்னு ஒரு தஸ்திக, ஒரு போஸ்ட், நம்மகிட்ட இல்ல டாக்டர். டாக்டர் உண்டு, நர்ஸ் உண்டு, பார்மசிஸ்ட் உண்டு. இவளை எந்த இடத்தில் வைக்க?"

"ரோகியின்றெ பக்கத்தில் வைக்கணும்" என்றார் டாக்டர்.

மேனேஜர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வாய்க்கு வந்ததைக் கேட்டேன். படிப்பை ஆரம்பிக்கத் தெரிகிறது, பிள்ளைகளை இங்கே அனுப்பத் தெரிகிறது, சம்பளமில்லாமல் லயம் லயமாக ஏற வைக்கத் தெரிகிறது, உட்கார ஒரு நாற்காலி போட மட்டும் யாருக்கும் தெரியவில்லையா என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் பொறுமையாகத்தான் பேசினார்.

"சிஸ்டர், அம்மா போற இடத்தில் இவள் பேரைக் கொழுந்து எடுக்கிற வேலைக்குப் பதியலாம். அது என் கையில் இருக்கு. வீடும் போகாது. அதுக்கு மேல என்னால முடியாது."

அவர் அதை உதவியாக நினைத்துத்தான் சொன்னார். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

முத்துமாரியிடம் சொன்னேன்.  "பதிஞ்சிருதேன் சிஸ்டர்" என்றாள். "பகல்ல கொழுந்து. சாயங்காலம் ஒங்ககூட லயத்துக்கு வாரேன். வீடு இருக்கும். நான் படிச்சது எங்கயும் ஓடிறாது."

 வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. அவள் இங்கேயே இருந்துவிடுவாள் என்ற நினைப்பும் வந்தது. இரண்டில் எதையும் சொல்வதற்கு முன் இசக்கி முடித்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் முத்துமாரி பதிவுக்குப் போவதாக ஏற்பாடு. இசக்கி அதற்கு முன்பே ஆபீசுக்குப் போய், வேலையிலிருந்து இப்போதே நின்றுகொள்கிறேன் என்று சொல்லி, மேஜை மேல் வீட்டுச் சாவியை வைத்துவிட்டு வந்துவிட்டாள். முத்துமாரி போனபோது கிளார்க் சாவியைக் காட்டியிருக்கிறான். அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள். பின்னாலேயே இசக்கி வந்தாள்.

"என்னம்மா செஞ்ச நீ? எங்க போயி இருப்ப?"

"எங்கயாவது இருப்பேன். ஒரு செவுத்தக் காப்பாத்தவாட்டி ஒன்னப் படிக்க வச்சேன்? எங்க ஆத்தா கொழுந்துக் கூடையத் தூக்குனா, நான் தூக்குனேன். நீயும் தூக்குனா, நான் எதுக்கு இத்தன வருசம் அட்டைக்கு ரெத்தம் குடுத்தேன்?"

முத்துமாரி அழுதாள். இசக்கி அழவில்லை. என்னைப் பார்த்து, "சிஸ்டரு, குடிக்கக் கொஞ்சம் வெந்நி தாங்க" என்றாள்.

இரண்டு பேரும் கோயம்புத்தூர் போனார்கள். நான்கு மாடி ஆஸ்பத்திரி ஒன்றில் முத்துமாரிக்கு வேலை கிடைத்தது, நல்ல சம்பளம். கொழிஞ்சாம்பாறைக்கு வந்த பிறகு நான் போய்ப் பார்த்தேன். மாடியில் ஒற்றை அறை. இசக்கிக்கு அங்கே நடக்க இடம் இல்லை, முட்டி வீங்கியிருந்தது. டாக்டர்கள் ரவுண்ட்ஸ் போகும்போது முத்துமாரி பின்னால் போகிறாள், அவர்கள் சொல்வதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறாள், ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்து வாங்குகிறாள்.

"நோயாளியத் தொடுறியா?" என்று கேட்டேன்.

"கையெழுத்து வாங்கயில பேனா குடுப்பேன்லா சிஸ்டர். அப்ப வெரலு படும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். லயத்தில் சிரிக்கிற சிரிப்பு இல்லை அது.

வர்க்கி டாக்டரும் வேலையை விட்டுச் சொந்த ஊருக்குப் போய்விட்டார். எங்கள் ஆஸ்பத்திரியில் இப்போது டாக்டர் சில நாள் வருகிறார், சில நாள் இல்லை. மாணவர்களும் வருவதில்லை. வாரத்துக்கு ஒரு தடவையாவது அந்த லயத்துப் படிகளில் ஏறுகிற கனவு வருகிறது. மூட்டு வலிக்கு மாத்திரை சாப்பிடுகிறவள் நான். கனவில் வலி இல்லை.

போன மாதம் பேச்சியம்மா பேத்தி கல்யாணத்துக்கு மலைக்குப் போனேன். பைப்படி லயத்துக்கு நடந்தேன். கடைசி வீட்டில் இப்போது ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து எடுக்க வந்த ஒரு குடும்பம். வாசலில் ஒரு சின்னப் பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை. அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், கொதித்தது. ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கு டாக்டர் வராத நாள். அவளுக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. எனக்கு இந்தி தெரியாது. பேச்சியம்மா குழந்தையை வாங்கிக்கொண்டாள். பீர்மேட்டுக்குக் கொண்டுபோக ஜீப்புக்குச் சொல்லி அனுப்பினேன்.

ஜீப் வருவதற்குள் முத்துமாரிக்குப் போன் போட்டேன். அவளிடம் கேட்டுத்தான் நடக்க வேண்டும் என்று இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். இருந்தும் போட்டேன்.

"ஒரு காய்ச்சல் கேஸ்" என்றேன்.

"எந்த லயம் சிஸ்டர்?" கேட்ட வேகத்தில் நாற்காலி தள்ளுகிற சத்தம் கேட்டது.

"பைப்படி லயம். கடைசி வீடு."

 அந்தப் பக்கம் லிப்ட் கதவு திறந்து மூடுகிற ஓசை வந்தது.

"எங்க வீட்லயா?" என்றாள். "எங்க வீட்ல யாருக்கு சிஸ்டர்?"